பிராதை எழுது!

(ஆரணியில் நெசவாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



போலீசாரிடம் பொதுஜனங்களுக்கு நம்பிக்கை உண்டா என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நம்பிக்கை என்பது பிரசங்கத்தால் வருவதல்ல. ஸ்டேஷன் வாசலில் "நண்பன்" என்று பலகை எழுதி மாட்டுவதாலும் வருவதல்ல. பிராது கொடுக்கப் போனவன் கையில் என்ன கொண்டு திரும்புகிறான் என்பதைப் பொறுத்ததே அது.

ஒரு வீட்டில் திருட்டுப் போனால் நம்மவர் என்ன செய்கிறார்? மை போட்டுப் பார்க்கிறவனிடம் ஓடுகிறார். கோயிலில் காசு வெட்டிப் போடுகிறார். மிளகாய் அரைத்துப் பூசுகிறார். இது மூடத்தனந்தான். ஆனால், "ஏனப்பா ஸ்டேஷனுக்குப் போகவில்லை?" என்று கேட்டால், "போனால் மட்டும் என்ன ஆகிவிடும்?" என்கிறாரே, அந்தக் கேள்வி மூடத்தனமல்ல. அதற்குச் சர்க்கார் பதில் சொல்லாத வரையில் மை போடுகிறவன் பிழைப்புக்குக் குறைவிராது.

ஸ்டேஷனில் நடப்பதென்ன? சிபாரிசோடு போனவனுக்கு நாற்காலி. தனியாகப் போனவனுக்கு வாசற்படி. இரண்டு நாள் அலைந்த பிறகு சி.எஸ்.ஆர். ரசீது என்று ஒரு காகிதம் கிடைக்கும். அதையே கேசு என்று எண்ணிப் பெட்டியில் பூட்டி வைக்கிறோம். அது கேசு அல்ல, தோழர்களே! மனு வந்தது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவே. முதல் தகவல் அறிக்கை, அதாவது எப்.ஐ.ஆர். எழுதினால்தான் கேசு. அது மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். துப்புத் துலக்கும் பொறுப்பும் வந்துவிடும். ஆனால் எழுதினால் ஸ்டேஷன் கணக்கில் குற்றம் ஒன்று ஏறும். போன வருஷத்தைவிட ஏன் அதிகமென்று மேலதிகாரி கேட்பார். ஆகவே எழுதாமலிருப்பதே நல்ல பெயருக்கு வழியாகிவிடுகிறது. வைத்தியர் நோயாளியின் பெயரை எழுதாவிட்டால் ஊரில் நோயில்லை என்று ஆகிவிடுமா?

இதனால் நெசவாளிக்கு வரும் கேட்டைப் பாருங்கள். கூலிக்கு நெய்கிறவன் வீட்டிலிருக்கும் பட்டும் ஜரிகையும் அவனுடையதல்ல, முதலாளியுடையது. அது களவு போய், கேசும் எழுதப்படாவிட்டால், "நீயேதான் விற்றுத் தின்றாய்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? பொருளை இழந்தவனே திருடனாகிவிடுவான். பிறகு அவன் கடனுக்கு அடிமையாய்த் தறியில் குந்த வேண்டியதுதான். எனவே அந்த ஒரு காகிதம் அவனுடைய மானத்துக்கே காவலாகும்.

எழுதாமையின் கொடுமை இத்தோடு நிற்பதல்ல. 1992 ஜூனில் தர்மபுரி ஜில்லா வாச்சாத்தியில் வனத்துறையாரும், போலீசாரும், ரெவினியூ அதிகாரிகளும் மலைவாழ் மக்களின் வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களைக் கெடுத்தார்கள். ஐக்கோர்ட்டு உத்தரவின் பேரில் 1995-இல் சி.பி.ஐ. வந்த பிறகே விசாரணை ஒழுங்காக நடந்தது. 2011-இல்தான் தண்டனை கிடைத்தது. 2023-இல்தான் ஐக்கோர்ட்டு அதை உறுதி செய்தது. 31 வருஷங்கள்!

2025 ஜூனில் திருப்புவனத்தில் நகை காணோம் என்று வாய்ப்பிராது வந்தது. கேசு எழுதுமுன்பே ஒரு கோயில் காவலாளியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் போலீசார் வசத்தில் மாண்டார். ஏழை வந்து சொன்னால் கேசு எழுதுவதில்லை; ஏழைமீது சொன்னால் கேசில்லாமலே அடி! இரண்டுக்கும் வேர் ஒன்றே. எழுத்தில்லாத இடத்தில் சட்டமில்லை, தடிதான் உண்டு.

கேசு எழுதுவது யாருடைய தயவுமல்ல. போலீசார் வாரண்டில்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமானால் பதிவு செய்தே தீரவேண்டும் என்று, லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் 2013 நவம்பர் 12-இல் தீர்ப்பளித்திருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் அமுலிலிருக்கும் சட்டத்துக்கு நம் வாயில் நுழையாத ஒரு வடமொழிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கிடக்கட்டும், அதன் 173-ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் எல்லையல்ல என்று சொல்லி உங்களைத் துரத்தக்கூடாது. எப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தரவேண்டும். சிலவகைக் குற்றங்களில் டெப்டி சூப்பிரண்டு அனுமதியோடு முன்விசாரணை செய்யலாம். அதுவும் 14 நாளைக்குள் முடியவேண்டும். மறுத்தால் ஜில்லா போலீஸ் சூப்பிரண்டுக்கு எழுதுங்கள். அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

போலீஸ்காரனும் நம் வீட்டுப் பிள்ளைதான். இரவு பகல் பாராது உழைக்கிற ஏட்டைத் திட்டி ஆவதொன்றுமில்லை. குற்றக் கணக்குக் குறைந்தால் மெச்சும் முறையை மாற்றி, எழுதி விசாரித்த கேசுக்கு மெச்சும் முறை வரவேண்டும். அதைச் சர்க்காரைக் கேட்போம்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராய்ப் போங்கள். வாயால் சொல்லி வராதீர்கள். எழுதிக் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எப்.ஐ.ஆர். நம்பர் என்னவென்று கேளுங்கள். சங்கத்தில் ஒரு நோட்டுப் புஸ்தகம் போட்டு, கொடுத்த தேதியையும் கிடைத்த பதிலையும் குறித்து வையுங்கள். கை கட்டி நிற்கவேண்டாம். நாம் கேட்பது பிச்சையல்ல. எழுதிக் கேட்கிற ஊருக்கு எழுதித்தான் பதில் சொல்லியாக வேண்டும்.