முதிர்வயதும் வண்டிச் சாவியும்

(புவனகிரியில் கூடிய மூத்தோர் ஐக்கியத்தில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



மருத்துவமனை ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கிவருகிற உங்களுக்கு நன்றி சொல்லி ஆரம்பிக்கிறோம்.

உள்ளே வரும்போது மரத்தடியில் நிற்கிற வண்டிகளைப் பார்த்தோம். பழைய டிவிஎஸ் மொபெட்டுகள், ஸ்கூட்டர்கள், நாலைந்து கார்கள். ஓட்டிவந்தவர்களில் அநேகர் அறுபதைத் தாண்டியவர்கள். அதில் நாங்களும் உண்டு. ஆகையால் இன்று பிரசங்கம் வேண்டாம். அந்த வண்டிகளைக் குறித்தே பேசுவோம்.

முதலில் எங்கள் சாட்சி. சில வருஷங்களுக்கு முன் ஒரு மாசி மாத மாலை, சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு வீட்டு ஜெபத்தை முடித்துவிட்டு மனைவியோடு காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியது இந்தப் போதகர்தான். சம்பா அறுவடைக் காலம். வழக்கம்போல் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். எதிரே ஒரு பேருந்து முழு வெளிச்சத்தோடு வந்தது. சில விநாடிகள் ஒன்றும் தெரியவில்லை. மனைவி அலறிய சத்தத்தில்தான் பிரேக்கை மிதித்தோம். வண்டி கற்களை இடித்துத் தள்ளி நெல்லின்மேல் ஏறி நின்றது. நான்கடி தூரத்தில், நெல்லுக்குக் காவலாகத் துண்டை விரித்துப் படுத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்றார். கோபங்கூட இல்லாமல் கேட்டார்: "ஐயா, உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

உண்மையில் தெரியவில்லை! ஒரு வருஷமாகவே எதிர் வெளிச்சம் பட்டால் எல்லாம் சிதறிப்போவதை அறிந்திருந்தோம். கண் மருத்துவர் பக்கத்து வராந்தாவில்தான் இருக்கிறார். ஆனாலும் போகவில்லை. காரணம் பெருமைதான். வண்டியை நிறுத்து என்று சொல்லிவிடுவாரோ என்ற பயமும் உண்டு. அடுத்த வாரம் பரிசோதித்தபோது இரண்டு கண்ணிலும் புரை. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோம். பார்வை திரும்பியது. ஆனாலும் பொழுது சாய்ந்தபின் ஓட்டுவதில்லை என்று தீர்மானித்து, அதைக் காத்துவருகிறோம்.

வயதாகும்போது உடலில் நடப்பதை மருத்துவர்கள் எங்களுக்கு விளக்கினார்கள். இருபது வயதில் விழித்திரைக்குச் சேருகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் சேருகிறது. கண் நீர் அழுத்த நோய் வலி இல்லாமலே ஓரப்பார்வையை அரிக்கும். பக்கவாட்டில் வருகிற சைக்கிள் தெரியாது. கழுத்து விறைத்துப்போனால் திரும்பிப் பார்க்கச் சோம்பல் வரும். நெடுநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனால், கால் பிரேக்கில் இருக்கிறதா, வேறெதிலும் இருக்கிறதா என்ற உணர்வே குறைந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரே விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். நாம் ஒரு விநாடி தாமதித்தால் விலை கொடுக்கிறவர் தெருவில் நிற்கிறவர்.

ஆகவே சில காரியங்களைத் தயவாய்க் கவனியுங்கள்.

முதலாவது, கண். ஓட்டுநர் உரிமத்துக்கான விதிகளில் ஒரு எளிய அளவு இருக்கிறது: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலுள்ள கார் நம்பர் பலகையை வாசிக்கவேண்டும். நாளைக்கே உங்கள் தெருவில் சோதித்துப் பாருங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 55 வயதுக்குமேல் உரிமம் ஐந்தைந்து வருஷத்துக்குத்தான் புதுப்பிக்கப்படும். மருத்துவச் சான்றும் வேண்டும். அதைச் சம்பிரதாயக் கையெழுத்தாக வாங்கிவராதீர்கள். மெய்யாகவே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மருந்து. சளி, அரிப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் தூக்கம் வருவிக்கும். இன்சுலின் போடுகிறவர்களும் சில சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் வேளைக்கு உண்ணாவிட்டால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, நிதானம் தப்பிவிடும். லெந்து காலத்தில் உபவாசம் இருந்து, பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை முடிந்து, வெயிலில் வண்டியை எடுக்கிறவர்களே, இது உங்களுக்கு. உபவாசத்துக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். அன்றைக்கு வண்டியைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, நேரமும் வழியும். மார்கழி, தைப் பனியிலும், பொழுது சாயும் வேளையிலும், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் போகிற இரவிலும் ஓட்டவேண்டாம். நெடுஞ்சாலையில் வலப்பக்கம் திரும்புவதற்குமுன் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துத் திரும்புங்கள். இரண்டு சக்கர வண்டியானால் தலைக்கவசம் உங்களுக்கும், பின்னால் உட்காருகிற அம்மாவுக்கும் வேண்டும்.

நான்காவதுதான் கடினம்: சாவியை வைத்துவிடுகிற நேரம். பழகிய தெருவில் வழி தவறுகிறதா? வண்டியில் காரணம் தெரியாத கீறல்கள் கூடுகின்றனவா? பேரப்பிள்ளையை உங்களோடு அனுப்ப மகள் தயங்குகிறாளா? அப்படியானால் நேரம் வந்துவிட்டது.

இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் கணவர் இளவரசர் பிலிப், 2019 ஜனவரியில் தமது 97ஆம் வயதில் கார் ஓட்டிப்போய் இன்னொரு காரோடு மோதினார். அவர் வண்டி கவிழ்ந்தது, அவர் தப்பினார். மற்றக் காரிலிருந்த ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. அடுத்த மாதம் அவர் தாமாகவே உரிமத்தை ஒப்புக்கொடுத்தார். நல்ல தீர்மானந்தான், ஆனால் விபத்துக்குப் பின் வந்த தீர்மானம்.

வேதத்தில் பர்சிலாவை நினைத்துப்பாருங்கள். எண்பது வயதுக்காரர், பெரிய செல்வந்தர். தாவீது ராஜா தம்மோடு எருசலேமுக்கு வரும்படி அழைத்தபோது, தமக்கு ருசியும் காதும் மங்கிவிட்டது, ராஜாவுக்குப் பாரமாக இருக்க மனமில்லை என்று வெட்கப்படாமல் சொன்னார். யோர்தானைக் கடக்கும்வரை கூடப்போய், தமக்குப் பதிலாக இளைஞனான கிம்காமை அனுப்பினார். ராஜா அவரை இழிவாக எண்ணவில்லை; முத்தமிட்டு ஆசீர்வதித்தார். தன் பலவீனத்தைத் தானே முந்திச் சொல்லுகிறவர் மேன்மையை இழப்பதில்லை.

ஆனால் பர்சிலாவுக்குப் பதிலாகப் போக ஒரு கிம்காம் இருந்தான். நம்முடைய மூத்தோருக்கு யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். வண்டியை விட்டால் ஆலயம் இல்லை, மருந்து இல்லை, பேச்சுத்துணை இல்லை என்பதாலேயே அநேகர் மங்கின கண்ணோடு ஓட்டுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி மட்டும் விட்டுவிடலாமா? பெண்களுக்கு 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. ஆனால் பேருந்து நிறுத்தம்வரை கைபிடித்து நடத்த ஒருவர் வேண்டுமே.

ஆகவே ஒரு விண்ணப்பம். இந்த முறை பணம் கேட்கவில்லை. கார் வைத்திருக்கிற குடும்பத்தார், ஞாயிறு காலையில் ஒரு இருக்கையை ஒரு மூத்தவருக்கு ஒதுக்குங்கள். வாலிபர் சங்கத்தார் மருத்துவமனைக்கு வரும் நாளில் துணைக்கு வாருங்கள். பிள்ளைகளே, "அப்பா, இனி ஓட்டாதீங்க" என்று சொல்லுமுன், "அப்பா, இனி நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லி, அதன்படி செய்யுங்கள்.

நெல்லுக்குக் காவல் இருந்த அந்தப் பெரியவர் அன்று தப்பியது எங்கள் திறமையால் அல்ல, தேவனுடைய கிருபையினால். கிருபையைச் சோதித்துப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. வீட்டுக்குப் போகும்போது மெதுவாய்ப் போங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரவையும் காப்பாராக. ஆமென்.