பிள்ளைகள் கையால் ஒரு பழக் கொழுக்கட்டை



வாழைத்தார் வெட்டுகிற அன்றைக்கு வியாபாரி வருவார். தாரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். காற்றில் சாய்ந்த மரத்துத் தார், தோல் கீறிய சீப்பு, கடைசிச் சீப்பில் உள்ள சின்னக் காய், இவற்றை ஒதுக்கிவிட்டு மற்றதுக்கு விலை பேசுவார். ஒதுக்கினது வரப்போரம் கிடக்கும். மாட்டுக்குப் போட்டது போக மிச்சம் குப்பைக்குழிக்குப் போகும். பெரியகுளம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கும், காற்றில் பழம் உதிர்ந்தால் இதே கதைதான். அதே வீட்டுப் பிள்ளையோ பள்ளிக்கூடத்து வாசலில் சாயம் போட்ட மிட்டாயைக் காசு கொடுத்து வாங்கித் தின்கிறது.

"பழம் குடுத்தா தொடவே மாட்டேங்குதுங்க சார்" என்று தாய்மார்கள் சொல்கிறீர்கள். தட்டில் வைத்து நீட்டினால் தொடாதுதான். பிள்ளையின் கையாலேயே செய்ய விட்டுப் பாருங்கள். தான் பிடித்த கொழுக்கட்டையை எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது.

கழித்த காயை முதலில் பழுக்க வைக்க வேண்டும். வைக்கோல் பரப்பிய கூடையில் காயை அடுக்கி, நடுவில் நன்றாகப் பழுத்த பழம் ஒன்றை வைத்து மூடுங்கள். பழுத்த பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வெளிவருகிறது. அது மற்ற காய்களையும் பழுக்க வைக்கும். கல் மட்டும் வைக்காதீர்கள். கார்பைடு கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் போன்ற நஞ்சுகள் கலந்திருக்கலாம். அதை வைத்துப் பழுக்க வைப்பதைச் சட்டமே தடுத்திருக்கிறது.

தோல் கறுத்த வாழைப்பழத்தைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். காயில் இருக்கும் மாவுச்சத்து பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாக மாறுகிறது. ஆகவே கறுத்த பழத்துக்கு வெல்லம் குறைவாகப் போட்டால் போதும். ஆனால் பூஞ்சாணம் பிடித்தது, கள் வாடை அடிப்பது உதவாது. அதை மாட்டுக்கும் வைக்காமல் உரக்குழியில் போடுங்கள்.

இப்போது பூரணம். சின்னப் பழம் நான்கு, வெல்லம் 100 கிராமுக்கு உள்ளாக, அரை மூடித் தேங்காய்த் துருவல், வறுத்துப் பொடித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, ஏலக்காய் இரண்டு. பழத்தைப் பிசைகிற வேலை பிள்ளைக்கு, அடுப்பு வேலை பெரியவர்களுக்கு. வாணலியில் கொஞ்சம் நெய் விட்டுப் பழத்தைச் சிறு தீயில் கிளறுங்கள். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றுங்கள். தேங்காயும் கடலைப் பொடியும் சேர்த்து, ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளற வேண்டும். இதில் அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும். பூரணத்தில் தண்ணீர் நின்றால் வேகும்போது கொழுக்கட்டை வெடித்துவிடும். கடலைப் பொடி அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும், புரதமும் கொடுக்கும். நம்ம மானாவாரிக் கடலை இதற்குப் போதுமுங்க.

கால் கிலோ அரிசி மாவில் உப்பும், ஒரு கரண்டி நல்லெண்ணெயும் கலந்த கொதிநீரை விட்டுக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடுங்கள். பாதிக்குப் பாதி கம்பு மாவு சேர்க்கலாம். கொஞ்சம் விரிசல் விடும், ருசிக்குக் குறைவில்லை. நிறம் வேண்டுமா? 2023-இல் புவிசார் குறியீடு பெற்றதே நம்ம கம்பம் பன்னீர் திராட்சை, அதன் தோலை வேகவைத்த தண்ணீரில் மாவைப் பிசையுங்கள். கடைச் சாயம் எதற்கு?

உருண்டையைக் கிண்ணம்போல் விரித்துப் பூரணம் வைத்து மூடினால் போதும். அப்புறம் மீனோ, மாம்பழமோ, மிளகுக் கண் வைத்த கோழிக்குஞ்சோ, பிள்ளை இஷ்டம். கோணலாக இருந்தால் இருக்கட்டும், வாங்கித் திருத்தாதீர்கள். திருத்தினால் அது உங்கள் கொழுக்கட்டை ஆகிவிடும். ஆவியில் பத்து, பன்னிரண்டு நிமிடம் வைத்தால் வெந்துவிடும். மூடியைப் பெரியவர்கள்தான் திறக்க வேண்டும்.

மாம்பழத்திலும் இதே முறைதான். அதில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து இருக்கிறது. நெய்யும் தேங்காயும் சேரும்போது அது உடம்பில் நன்றாகச் சேரும்.

அடுப்பே வேண்டாம் என்றால் பஞ்சாமிர்தம் இருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, கற்கண்டு, பேரீச்சை, நெய், தேன், ஏலக்காய் இவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் சேரக்கூடாது. பழத்தின் ஈரத்தைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால் அது கெடாமல் நிற்கிறது. பழனிக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழையில் ஈரம் குறைவு. நம் தோட்டத்துப் பழத்தில் ஈரம் அதிகம் என்பதால், வீட்டில் செய்ததை அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள். தேங்காய் சேர்ந்த கொழுக்கட்டையையும் மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்காதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழுத் திராட்சை வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நறுக்கி, கொட்டை எடுத்துக் கொடுங்கள். நிலக்கடலையும் அப்படித்தான், பொடித்தே போடுங்கள்.