இயல்பும் பழக்கமும்



மனிதரை வகைவகையாகப் பிரித்துப் பெயரிட்டுப் பார்ப்பது மிகப் பழைய ஆசை. உடலில் நான்கு நீர்மங்கள் உள்ளன என்று எண்ணிய கிரேக்க மருத்துவர்கள், அவற்றுள் எது மிகுந்திருக்கிறதோ அதற்கேற்ப மனிதரை நால்வகையாக்கினர். நம் நாட்டில் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் மாணாக்கரை எட்டுப் பொருள்களுக்கு ஒப்பிட்டார். அன்னமும் பசுவும் போன்றவர் முதல் மாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றவர் இடை மாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைப் போன்றவர் கடை மாணாக்கர்.

இக்காலத்தில் பெயர்கள் மாறியுள்ளன, ஆசை மாறவில்லை. சுவிட்சர்லாந்து நாட்டு உளநூல் அறிஞர் கார்ல் யுங் 1921ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், அகநோக்குடையோர், புறநோக்குடையோர் என்னும் பிரிவை விளக்கினார். அதனை அடியாகக் கொண்டு அமெரிக்காவில் பிரிக்ஸ் என்ற தாயும் மையர்ஸ் என்ற மகளும் மனிதரைப் பதினாறு வகையாக்கும் வினாத்தாளை அமைத்தனர். இன்று இளைஞர் பலர் கைபேசியிலேயே இத்தகைய வினாக்களுக்கு விடையளித்து, "நான் இன்ன வகை, ஒழுங்கு எனக்கு வராது, ஊக்கம் வந்தால்தான் வேலை ஓடும்" என்று சொல்லிக்கொள்கின்றனர். இந்தச் சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில், இத்தகைய விவரங்களை நாம் எவ்வளவு எளிதில் நம்பிவிடுகிறோம் என்று பாருங்கள். 1948ஆம் ஆண்டு போரர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். சில நாள் கழித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் குணவிவரம் எனச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி மதிப்பெண் 4.26. பின்னர்தான் உண்மை வெளிப்பட்டது. எல்லாருக்கும் கொடுத்த தாள் ஒன்றே! அதிலிருந்த வாக்கியங்களைச் சோதிட நூலிலிருந்து அவர் எடுத்திருந்தார்.

அப்படியானால் மனிதரிடையே வேறுபாடே இல்லையா? உண்டு. ஆனால் அது வேலியிட்டுப் பிரித்தாற்போன்ற வேறுபாடு அன்று. ஒரு வகுப்பில் ஐந்தடிக்கு மேற்பட்டவர் நெட்டையர், கீழ்ப்பட்டவர் குட்டையர் என்று கோடு கிழித்தால், கோட்டின் அருகே நிற்பவரே பலராக இருப்பர். குணங்களும் அத்தகையனவே. அதனால்தான் ஒருமுறை ஒரு வகையில் அடங்கியவர், சில வாரம் கழித்து அதே வினாக்களுக்கு விடையளிக்கும்போது வேறு வகையில் அடங்குவதும் நேர்கிறது. மேலும், பொறுப்போடும் ஒழுங்கோடும் செயலாற்றும் தன்மை வயது ஏற ஏறச் சராசரியாக வளர்வதை உளநூலார் கண்டுள்ளனர். இருபது வயதில் ஒட்டிய சீட்டு நாற்பது வயதிலும் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை.

பெயரிடுவதன் தீங்கை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். நான் உதவி ஆசிரியராக இருந்த பள்ளியொன்றில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை எல்லாரும் 'ஓட்டைக்குடம்' என்றே அழைத்தனர். வீட்டுக்கணக்கு எங்கே என்று கேட்டால், "நான் ஓட்டைக்குடம் ஐயா, மறந்துபோனேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். பிறர் இட்ட பெயர் அவனுக்கே கேடயமாகிவிட்டது! அவன் தாயார் மாடு வைத்துப் பிழைப்பவர். ஒருநாள் அவர் வீட்டுக்குச் சென்றபோது, வாசற்சுவரில் வரிசையாகக் கரிக்கோடுகளைக் கண்டேன். பதினொரு வீடுகளுக்கு நாள்தோறும் ஊற்றிய பாலின் கணக்கு அது. எழுதியவன் அந்தச் சிறுவன். மாதம் முழுவதும் ஒரு கோடும் தவறவில்லை. பாற்செம்பை இறக்கிவைக்கும் இடத்திலேயே கரித்துண்டு இருந்தது. செம்பை வைத்த கை கோட்டை இழுத்தது. அவ்வளவே. "வீட்டுக்கணக்கு நோட்டையும் இங்கேயே வை, பாற்கோடு போட்டதும் அதைத் திற" என்றேன். அவன் வகுப்பில் முதல்வனாகிவிடவில்லை. ஆனால் பெரும்பாலான நாட்களில் நோட்டு வந்தது. தன்னை ஓட்டைக்குடம் என்று சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட்டான்.

அவனிடம் இல்லாதிருந்தது ஒழுங்கு அன்று. ஒழுங்குக்கு ஏற்ற இடமும் வேளையுமே.

அறிஞர்களின் ஆராய்ச்சியும் இதற்குத் துணை நிற்கிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரை ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டு இதழில் முடிவை வெளியிட்டனர். ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலை, 'காலையுணவுக்குப் பின்' என்பது போன்ற ஒரு வேளையோடு இணைத்து நாள்தோறும் செய்தனர். அது தானாக நிகழும் பழக்கமாக ஏறத்தாழ 66 நாள் ஆயிற்று. ஆனால் ஆளுக்கு ஆள் பெரும் வேறுபாடு இருந்தது. 18 நாள் முதல் 254 நாள் வரை என்று கணக்கிட்டனர். இடையில் ஒரு நாள் தவறியதால் பெருங்கேடு விளையவில்லை என்றும் கண்டனர். அண்டை வீட்டார்க்கு ஒரு மாதத்தில் வந்தது நமக்கு ஆறு மாதத்தில் வரலாம். அதனால் நாம் கடைப்பட்டவராகிவிட மாட்டோம்.

அமெரிக்கப் பெரியார் பெஞ்சமின் பிராங்கிளின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. அவர் பதின்மூன்று நற்குணங்களை வரிசைப்படுத்தி, வாரத்துக்கு ஒன்றாகப் பயின்றார். தவறியபோதெல்லாம் சிறு ஏட்டில் கரும்புள்ளி வைத்தார். அவரை மிகவும் அலைக்கழித்த குணம் எது தெரியுமா? ஒழுங்குதான்! முயற்சியையே கைவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு அது அவரை வருத்தியது. அப்போது அவர் ஒரு கதை சொல்கிறார். ஒருவன் கொல்லரிடம் கோடரி வாங்கினான். விளிம்பைப் போலவே முகம் முழுவதும் பளபளக்க வேண்டும் என்றான். "நீர் சாணைச் சக்கரத்தைச் சுற்றும், நான் தீட்டித் தருகிறேன்" என்றார் கொல்லர். சுற்றிச் சுற்றிக் களைத்த அவன், "புள்ளியுள்ள கோடரியே எனக்குப் பிடித்திருக்கிறது" என்று சொல்லிப் புறப்பட்டானாம். 'என் வகை அப்படி' என்று நாம் சொல்லும்போது, பல வேளைகளில் சக்கரம் சுற்றிக் களைத்த கைதான் பேசுகிறது. பிராங்கிளினோ சுற்றுவதை நிறுத்தவில்லை. முழுமை எய்தாவிட்டாலும், முயன்றதனாலேயே மேலானவனாகவும் மகிழ்ச்சியுடையவனாகவும் ஆனேன் என்று எழுதினார்.

ஆகவே உங்கள் இயல்பை அறிந்துகொள்ளுங்கள். ஆனால் அதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், ஏற்பாடு செய்வதற்குக் கருவியாகக் கொள்ளுங்கள். தனிமையை விரும்புபவர் அரவமற்ற விடியற்காலையைத் தேர்ந்துகொள்ளலாம். கூட்டத்தை விரும்புபவர் ஒரு தோழரோடு அமர்ந்து படிக்கலாம். மறதியுடையவர் நினைவை நம்பாமல், இரவில் படுக்குமுன் மறுநாளுக்குரிய மூன்று வேலைகளைத் தாளில் எழுதிவைக்கலாம். எந்த வகையினராயினும், புதிய செயலை முன்பே நிலைத்த ஒரு பழக்கத்தோடு முடிச்சுப் போடுங்கள். ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டா. கால் மணி நேரம் தொடங்கிப் பாருங்கள். பல நாட்களில் ஊக்கம் பின்னால் வந்து சேரும். ஊக்கமுடைமையை 60ஆம் அதிகாரமாக வைத்த வள்ளுவர் அதோடு நிற்கவில்லை. அடுத்து மடியின்மையையும், அதற்கடுத்து ஆள்வினையுடைமையையும் வைத்தார்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையைச் சோம்பேறி என்றோ மறதிக்காரன் என்றோ அழைக்குமுன், அவன் எதைத் தவறாமல் செய்கிறான் என்று தேடிப் பாருங்கள். அவனுடைய கரித்துண்டு அங்கே கிடக்கும்.

பவணந்தியார் சொன்ன எட்டனுள் நம்மில் பலருக்கும் ஏற்ற உவமை மண்தான் என்பது என் எண்ணம். உழவன் எவ்வளவு பாடுபடுகிறானோ அவ்வளவுக்கு அது விளைவு தரும். நிலம் நமக்கு வாய்த்தது. உழவு நம் கையில் இருக்கிறது.