உண்டபின் ஒரு நடை

(யூபிலி விழாவையொட்டிப் பங்கு மண்டபத்தில் நடந்த நலவாழ்வுக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



நீரிழிவு நோயைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் கேட்டபோது, எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அந்தப் பட்டியல் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நம் வீட்டுத் தாய்மார்களைக் கேட்டால் பாகற்காயில் தொடங்கி ஆவாரம்பூ வரை ஒப்பிப்பார்கள். ஆகவே இன்று வாயை விட்டுவிட்டுக் காலைப் பற்றிப் பேசப் போகிறேன்.

2023-இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கிறது. இந்த மண்டபத்திலும் வரிசைக்குச் சிலர் இருப்பீர்கள். கையை உயர்த்தச் சொல்லமாட்டேன், பயப்படவேண்டாம்.

நாம் உண்ணும் சோறும் இட்லியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அதைத் தசைகளுக்குள் அனுப்புவதற்குக் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் வேண்டும். இன்சுலினைச் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு வரும் நீரிழிவில் முதலில் பூட்டுத் துருப்பிடிக்கிறது. நாளடைவில் சாவியும் தேய்கிறது. ஆனால் உழைக்கிற தசைக்கு மற்றொரு வழி உண்டு. நடக்க நடக்க, இன்சுலினுக்காகக் காத்திராமல் தசை தானே கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சில வேளை இரண்டு நாள்வரை, அந்தப் பூட்டு இளக்கமாகவே இருக்கும். பிறகு மறுபடியும் இறுகிவிடும். ஞாயிறன்று இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு மற்ற ஆறு நாளும் உட்கார்ந்திருப்பவருக்குப் பலன் குறைவதற்கு இதுவே காரணம். வாரத்திற்கு 150 நிமிடம், அதிலும் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

எப்போது நடப்பது? விடியற்காலையில் என்பீர்கள். நல்லதுதான். ஆனால் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். நீரிழிவுள்ள 41 பேரைச் சில நாள்கள் விரும்பிய நேரத்தில் 30 நிமிடமும், வேறு சில நாள்கள் மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடமும் நடக்கச் செய்தார்கள். மொத்த நேரம் ஒன்றேதான். எனினும் உணவுக்குப் பின் நடந்தபோது, உண்டபின் ஏறும் சர்க்கரை 12 விழுக்காடு குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 விழுக்காடு! நம் வீடுகளில் இரவு ஒன்பது மணிக்கு வயிறார உண்டுவிட்டுத் தொலைக்காட்சி முன் சாய்கிறோம். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்று சமாதானம் வேறு சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பத்து நிமிடம் தெருவிலோ, மொட்டை மாடியிலோ, கூடத்திலோ நடந்தால் போதும். செலவில்லாத மருந்து இது. அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்!

"அடுப்படி வேலையே எனக்குத் தேகப்பயிற்சிதான்" என்று சொல்லும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அடுப்பருகே நிற்பது வேறு, மூச்சுச் சற்று வாங்க நடப்பது வேறு. நடக்க முடியாத முதியவர்கள் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரலாம். தொடைத் தசை பெரிய தசை. அது வேலை செய்தால் சர்க்கரை இறங்கும்.

இனி ஆபத்தைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு முதல் பூசையில், காணிக்கை வேளையில், பெரியவர் ஒருவர் சரிந்து விழுந்தார். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சுக் குழறல். வெயில் என்றார் ஒருவர், வலிப்பு என்றார் மற்றொருவர். நல்ல வேளையாக விழுங்கும் நிலையில் இருந்தார். சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் தெளிந்தார். பிறகு விசாரித்தேன். விடியற்காலை சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு ஒரு மைல் நடந்து வந்திருக்கிறார். "நன்மை வாங்குமுன் வாயில் ஒன்றும் படக்கூடாதே, டாக்டர் தம்பி" என்றார்.

அவர் சிறுவயதில் கற்றது நள்ளிரவு முதல் உபவாசம். இன்று சட்டம் ஒரு மணி நேரம்தான். முதியோருக்கும், நோயாளிகளுக்கும், அவர்களைக் கவனித்துக்கொள்வோருக்கும் அதுவும் கட்டாயமில்லை. தண்ணீரும் மருந்தும் எவருக்கும் தடையில்லை. பங்குத்தந்தை அவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். நான் தவறாகச் சொன்னால் திருத்தட்டும்.

மெட்ஃபார்மின் மட்டும் உண்பவருக்கு இப்படி நேர்வது அரிது. இன்சுலின் போடுபவர்களும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்பவர்களும்தான் கவனமாக இருக்கவேண்டும். தொடையில் ஊசி போட்டுக்கொண்டு உடனே நடந்தால் மருந்து வேகமாக இரத்தத்தில் கலக்கும். அந்த நேரத்தில் வயிற்றில் போடுவது நல்லது. புறப்படுமுன் சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் ஏதேனும் உண்டுவிட்டு நடங்கள். சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். நடுக்கமும் வியர்வையும் கண்டால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை; கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் மூன்று. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். நடக்கும்போது நெஞ்சு வலித்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடவேண்டும். அது மருத்துவரிடம் காட்டவேண்டிய வலி.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் நம்மில் பலர் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகிறோம். பல ஆண்டு நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி குன்றிவிடுகிறது. முள் குத்தினாலும் தெரியாது, தார்ச்சாலை சுட்டாலும் தெரியாது. வெறுங்காலோடு நடந்து வந்து, கொப்புளம் புண்ணாகி, விரலை எடுக்கவேண்டி வந்தவர்களுக்கு நானே சிகிச்சை செய்திருக்கிறேன். நேர்ச்சை என்பார்கள். நேர்ச்சையை நான் குறை சொல்லவில்லை. அளவான காலணியும் பருத்திக் காலுறையும் போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு மாதம் முன்னதாகவே சிறிது சிறிதாக நடந்து பழகுங்கள். இரவு தங்குமிடத்தில் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். கண் மங்கியவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம்.

சமையற்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வருகிறது. இனி நான் பேசினாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. உண்டு முடித்ததும் பள்ளி மைதானத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் நடக்கப் போகிறேன். விருப்பமுள்ளவர்கள் என்னோடு வரலாம்.