அப்பனும் மகனும் ஒரே கிளாஸ்



கல்லூரியில் முதலாமாண்டு கணினி அறிவியல் படிக்கும் தம்பி, தங்கைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் பாடம் உங்களுக்குத் தொடங்கியிருக்கும். அதே பாடத்தை இதே திருவண்ணாமலையில் நான் படித்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

கிளாஸ், ஆப்ஜெக்ட் எல்லாம் முடிந்து இன்ஹெரிட்டன்ஸ் வந்தது. "அப்பனோட தொழில் பிள்ளைக்கு வருதுல்ல, அதான் இன்ஹெரிட்டன்ஸ்" என்றார் ஆசிரியர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எளிதாகப் புரியவைக்க நினைத்தார். எடுத்துக்காட்டுக்காக ஒவ்வொருவரையும் எழுப்பி, "உங்கப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அரிசி மண்டி, வாத்தியார், மளிகைக் கடை. என் முறை வந்தது. என் அப்பா ஊரில் சாவுக்குப் பறையடிக்கப் போனவர். நான் "விவசாயம்" என்றேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது.

அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை நான் திறக்கவே இல்லை. அரியர் விழுந்தது. மறுதேர்வுக்காக நூலகத்தில் தனியாக உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, அந்த எடுத்துக்காட்டே தப்பு.

இன்ஹெரிட்டன்ஸுக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. 'பேருந்து ஒரு வாகனம்' என்று சொல்லிப் பாருங்கள். சரியாக வருகிறது. அதனால் பேருந்து கிளாஸ், வாகனம் கிளாஸிலிருந்து வரலாம். இப்போது 'மகன் ஓர் அப்பன்' என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்புதான் வரும். பேரன்ட் கிளாஸ், சைல்டு கிளாஸ் என்று பெயர் வைத்ததால் வந்த குழப்பம் இது. அப்பனும் மகனும் இரண்டு கிளாஸ் அல்ல. 'மனிதர்' என்கிற ஒரே கிளாஸின் இரண்டு ஆப்ஜெக்ட்டுகள். தொழில் என்பது அந்த ஆப்ஜெக்ட்டுக்குள் இருக்கும் ஒரு வேரியபிள். ஓர் ஆப்ஜெக்ட்டில் இருக்கும் அந்த மதிப்பு இன்னொன்றுக்குள் தானாகப் போய் உட்காராது. யாராவது எழுதினால்தான் போகும்.

1960களில் நார்வேயில் டாலும் நைகார்டும் சிமுலா மொழியில் கிளாஸைக் கொண்டுவந்தது, உலகில் நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்காக. பிறப்பைக் கொண்டு தொழிலை ஒட்டுவது அவர்கள் மொழியின் விதி அல்ல. நம் ஊரின் விதி. 1953இல் அதை அரசாங்கமே எழுதப் பார்த்தது. ராஜாஜி ஆட்சியின் தொடக்கக் கல்வித் திட்டத்தில் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லிப் போராடினார். 1954இல் ராஜாஜி பதவி விலகி, காமராசர் முதல்வரானார். திட்டம் கைவிடப்பட்டது. எழுதிய விதியை அழிக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் ஏறத்தாழ 80 ஆண்டுகள் போக முடியவில்லை. 2023 சனவரி 30 அன்று காவல்துறைப் பாதுகாப்போடு உள்ளே போனார்கள்.

உண்மையான இன்ஹெரிட்டன்ஸில்கூட, மேலிருந்து வந்த மெத்தடை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. அதே பெயரில் வேறு வேலையை எழுதிக்கொள்ளலாம். அதற்கு ஓவர்ரைடிங் என்று பெயர். என் அப்பா அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் நான் பத்தாவது படிக்கும்போது, "இனி சாவுக்கு அடிக்க வரமாட்டேன்" என்று ஊருக்குள் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அதன்பின் இரண்டு ஆண்டுகள் உள்ளூரில் யாரும் அவரைக் கூலி வேலைக்குக் கூப்பிடவில்லை. அப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் வகுப்பில் மறைத்தேன். வெட்கப்பட வேண்டியது பறைக்காக அல்ல, அந்தப் பொய்க்காக என்று புரிய எனக்கு ஓர் அரியர் தேவைப்பட்டது.

ஆசிரியத் தோழர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். இன்ஹெரிட்டன்ஸ் நடத்த வாகனமும் பேருந்தும் போதும். பிள்ளைகளை எழுப்பி அப்பா தொழிலைக் கேட்காதீர்கள். தம்பி, தங்கைகளே, யாராவது அப்படிக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். எழுந்து நின்று, "சார், அப்பாவும் நானும் ஒரே கிளாஸ். உங்க எடுத்துக்காட்டு தப்பு" என்று சொல்லுங்கள். பாடப்படியும் அதுதான் சரியான விடை.

ஜெய்பீம்.