இன்று எத்தனை புள்ளி?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் இங்கே உயர்தரம் படித்தபோது இசட் புள்ளி முறை புதிது. 2001இல்தான் அது வந்தது. இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ பக்கமிருந்து பஸ் பிடித்து வந்த நாங்கள் எல்லோரும் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒரே இலக்கைத்தான் எழுதினோம்: மூன்று ஏ, மருத்துவ பீடம். அதற்குக் கீழே, முந்திய வருட மாத்தளை மாவட்ட வெட்டுப்புள்ளி.

அந்த வெட்டுப்புள்ளி எங்கள் கையில் இருக்கவில்லை. நாம் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவது இசட் புள்ளி. மற்றப் பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது. வினாத்தாள் கடினமான வருடத்தில் 60 புள்ளி பெரிது. இலகுவான வருடத்தில் அதே 60 சிறிது. மருத்துவம் போன்ற கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பட்டியலில் உண்டு, மாத்தளை இல்லை. நம் தோட்டப் பிள்ளைகள் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

முதல் தடவை எங்களில் பலருக்கு இடம் கிடைக்கவில்லை. மூன்று பாடத்திலும் நன்றாகவே சித்தியடைந்த ஒரு தோழி, இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. இலக்கை நாங்கள் பிழையாக எழுதியதற்கு அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

இரண்டாம் தடவை, கடந்தகால வினாத்தாளை மணிக்கூடு வைத்து எழுதி, கண்டிப்பாகத் திருத்தினோம். பௌதிகவியல் பல்தேர்வில் 50க்கு 24. வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த மாத இலக்கை 29 என்று எழுதினோம். பிழைத்த வினாக்களை மூன்றாகப் பிரித்தோம்: தெரியாதவை, அவசரத்தில் விட்டவை, நேரம் போதாதவை. மாதம் ஒருமுறை மறுபடி எழுதிப் பார்த்தோம். இன்று கிளினிக்கில் இரத்த அழுத்தத்துக்கும் இதையேதான் செய்கிறோம். முதலில் அளக்கிறோம், பிறகு படிப்படியாகக் குறைக்கிறோம்.

தங்கைமாரே, கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள். இன்றைய புள்ளி. அடுத்த மாதப் புள்ளி. மருத்துவம் கிடைக்காவிட்டால் மனமொத்துப் படிக்கக்கூடிய இன்னொரு கற்கைநெறி. தாதியியல், மருந்தாளர் கல்வி, விவசாயம் எல்லாம் பக்கத்திலே பேராதனையில் இருக்கின்றன. உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

அன்று அறைக்குள் இருந்த தோழி இன்று பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்களை நடக்க வைக்கிறாள்.

உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருக்கும் அக்காமாரே, வீட்டில் உயர்தரப் பிள்ளை இருந்தால் எத்தனை ஏ எடுப்பாய் என்று கேட்காதீர்கள். போன முறையைவிட எத்தனை கூடியது என்று கேளுங்கள். அதற்குப் பிள்ளையிடம் பதில் இருக்கும்.