பற்றாது, போதாது, காணாது
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பெரும் பொருள்களைப் பற்றிப் பேச வல்ல அறிஞர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். எனவே, நாம் நாள்தோறும் அடுக்களையிலும் கடைத்தெருவிலும் வழங்கும் சிறு சொல் ஒன்றையே நான் எடுத்துக்கொண்டேன். 'பற்றாது' என்பதே அச்சொல்.

பற்றுதல் என்றால் பிடித்தல் என்பதை எல்லோரும் அறிவோம். போதியதாதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆதலின், பற்றாது என்றால் போதாது என்பது கருத்து. 'காற்று' பேச்சில் 'காத்து' ஆவதுபோல, இதுவும் 'பத்தாது' ஆயிற்று. 'பற்றாத குறை' என்பது ஈறு கெட்டுப் 'பற்றாக்குறை' ஆயிற்று. பத்தாது என்பதைக் கொச்சையென்று ஒதுக்குவோரும், அரசின் வரவு செலவுத் திட்டத்தில் பற்றாக்குறை என்று படிக்கும்போது, நல்ல தமிழ் என்கின்றனர். இரண்டும் ஒரு தாய் மக்களே!

'போதாது' என்பதன் வழக்கு இன்னும் சுவையானது. 'போதாத காலம்' என்றால் தீய காலம். "குழாயில் தண்ணீர் இல்லை; போதாக்குறைக்கு மின்சாரமும் நின்றுவிட்டது" என்கிறோம். துன்பம் மிகுந்துவிட்டது என்பதைச் சொல்லக் குறையைக் குறிக்கும் சொல்லையே கையாளுகிறோம்! இருந்த துன்பம் போதவில்லை போலும் என்று விதியை நோக்கிச் சிரிக்கும் சிரிப்பு அதில் அடங்கியிருக்கிறது.

நெல்லை, குமரி மாவட்டங்களிலோ 'காணாது' என்பர். ஈழத்திலும் அவ்வழக்கு உண்டு. பல மாவட்டத்தாரும் கூடி வாழும் நம் தில்லிக் குடியிருப்பில் இச்சொல் விளைத்த குழப்பம் கொஞ்சமன்று. நாங்கள் குடிவந்த புதிதில், அண்டை வீட்டுத் தஞ்சாவூர் அம்மையாரிடம் என் மனைவி, "பால் காணாது, மாமி" என்றாள். "ஐயோ, பூனை குடித்துவிட்டதோ?" என்று பதறினார் அவர்.

அன்று சிரித்தோம். பிறிதொரு நாள் சிரிக்க இயலவில்லை. ஊரிலிருந்து வந்து பத்து நாள் தங்கிய என் அன்னையார், நிஜாமுதீன் நிலையத்தில் வண்டியேறும்போது என் மகனைத் தழுவி, "பத்து நாள் காணாதுலே, ராசா" என்றார். எட்டு வயதுச் சிறுவன், "பத்து நாளும் நான் வீட்டில்தானே இருந்தேன், ஆச்சி?" என்றான். அவர் முகம் வாடியது. விளக்கிச் சொல்வதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது.

பிழை சிறுவனுடையதன்று. வீட்டில் நாங்களே 'கம்மி' என்று பேசப் பழகிவிட்டோம். அச்சொல் இந்துஸ்தானி வழியாகத் தமிழகத்திலேயே குடியேறிவிட்டது. அதன்மேல் எனக்குப் பகையில்லை. 'உப்புக் கம்மி' என்று சொல்லலாம். பேரனைப் பிரியும் ஆச்சியின் ஏக்கத்தை அச்சொல்லால் சொல்ல முடியுமா?

அன்று தொட்டு, எங்கள் வீட்டு உணவு வேளையில் மூன்று சொற்களும் வழங்கலாயின. அடுத்த கோடையில் ஊருக்குச் சென்று திரும்பும் நாளில், எவரும் சொல்லித் தராமலே அவன், "முப்பது நாள் காணாது, ஆச்சி" என்றான். அவர் கண் கலங்கினார், முகமோ மலர்ந்திருந்தது.

அன்பர்களே! பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பித்தால் மட்டும் போதாது. உங்கள் ஊர்ச் சொல்லையும் கற்பியுங்கள். எனக்கு அளித்த நேரம் காணாது என்றாலும், உங்கள் பொறுமைக்கு இது போதும்.